பக்கத்து ஊரையும் சேர்த்து

திங்கட்கிழமை காலை அலுவலகக் கதவைத் திறந்ததும் ஃபிளெக்ஸ் நெடி முகத்தில் அடித்தது. அச்சுக்கடைக்காரர் புது வரைபடத்தைச் சுருட்டி என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தார். ஜன்னல்கள் இரண்டு நாளாகப் பூட்டியே கிடந்ததால் மையின் வாசனை அறை முழுக்கத் தேங்கி நின்றது. பின்னால் வந்த அலுவலகப் பிள்ளைகள் மூக்கைச் சுளித்துக்கொண்டு மின்விசிறியைப் போட்டார்கள். எனக்கு மட்டும் அந்த நெடியை விரட்ட மனம் வரவில்லை. சுருளைப் பிரிக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது அப்போதுதான்.

நம்முடைய முதல் வரைபடமும் இப்படித்தான் நெடியோடு வந்தது. அப்போது அலுவலகம் திருவாரூரில் ஒரு உரக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. யூரியா வாசனையும் அச்சு மையும் கலந்து தலை வலிக்கும். நீ படிக்கட்டில் பாதியில் நின்று, உரக்கடைக்காரரிடம் அன்றைய மூட்டை விலையை விசாரிப்பாய். உனக்கு எதற்கு உர விலை என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். மூச்சு வாங்குவதை யாரும் பார்க்கக் கூடாது என்பதற்காக நீ கண்டுபிடித்த வழி அது என்பது பின்னால்தான் தெரிந்தது. சின்ன வயதில் மூட்டுவலியோடு வந்த காய்ச்சல் உன் இதய வால்வைத் தொட்டுவிட்டுப் போயிருந்தது. அதைப் பற்றி நீ பேசியதே இல்லை. உர விலை மட்டும் உனக்கு எப்போதும் சரியாகத் தெரிந்திருந்தது.

தஞ்சாவூரில் புள்ளியியல் படித்தபோது நாம் ஒரே விடுதி அறை. நீ நன்னிலம் பக்கம். உன் அப்பாவும் அம்மாவும் நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று ஊரார் வயலில் பாடுபட்டு, பிறகு கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைத்தவர்கள். என் வீட்டிலும் குத்தகைச் சாகுபடிதான். ஆனால் நான் வரப்பைத் தாண்டி வயலில் இறங்கியதில்லை. நீ விடுமுறைக்குப் போனால் அம்மாவோடு நாற்றுப் பறித்துவிட்டுத்தான் திரும்புவாய், நகக்கண்ணில் சேறோடு. படிப்பு முடிந்து இருவருக்கும் ஒரே இடத்தில் வேலை கிடைத்தது நம் அதிர்ஷ்டம். மாவட்டத்தில் யார் யாருக்குப் புற்றுநோய் வந்திருக்கிறது, எந்த ஊரில் வந்திருக்கிறது என்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய்த் திரட்டி வைக்கும் சின்னத் திட்டம் அது. தலைமைக்கு ஒரு டாக்டர். நல்ல மனிதர், கொஞ்சம் அவசரக்காரர். வெளியே போய்ப் பேசுவதெல்லாம் நீ, உட்கார்ந்து சரிபார்ப்பதெல்லாம் நான் என்று நமக்குள் ஒரு பங்கீடு யாரும் சொல்லாமலே ஏற்பட்டுவிட்டது.

முதல் வரைபடத்தில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு நிறம். லட்சம் பேருக்கு எத்தனை நோயாளிகள் என்று கணக்கிட்டு, குறைவென்றால் வெள்ளை, கூடக் கூட மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. டாக்டர் கேட்டார், நீ வண்ணம் போட்டாய். நன்னிலம் வட்டத்தில் ஒரு சின்ன ஊர் மட்டும் ரத்தச் சிவப்பாக வந்தது. அதன் பேரை இங்கேயும் நான் எழுதப் போவதில்லை. அந்தப் பேர் பட்டது போதும். அந்த ஊரில் மொத்தமே அறுபது எழுபது வீடுகள். அந்த வருடம் அங்கே நோயாளிகள் இரண்டே பேர். வயிற்றில் கட்டி வந்த ஒரு பெரியவர், மார்பில் கட்டி வந்த ஒரு அம்மா. இரண்டு பேரை அத்தனை சின்ன ஊரின் ஜனத்தொகையால் வகுத்து லட்சத்தால் பெருக்கினால் எண் எங்கேயோ போய் நிற்கும். நின்றது.

ஒரு கூட்டத்தில் அந்த வரைபடத்தை மாட்டியிருந்தோம். யாரோ கைபேசியில் படம் எடுத்தார்கள். இரண்டு மூன்று நாளில் அது வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்தது. அந்த ஊரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, கீழே ‘புற்றுநோய்க் கிராமம்’ என்று எழுதியிருந்தார்கள். தண்ணீரில் விஷம் என்று இன்னொருவர் சேர்த்துக்கொண்டார்.

பிறகு ஒரு மதியம் அலுவலகத் தொலைபேசி அடித்தது. எடுத்தது நீ. அந்த ஊரின் வார்டு மெம்பர் மல்லிகா அக்கா பேசினார். வரைபடத்தால் ஊர் படும் பாட்டை நீளமாகச் சொன்னார். நீ போனை வைத்தாய். அப்புறம் டாக்டரிடம் போய், நாளைக்கு அந்த ஊருக்குப் போகப் போவதாகச் சொன்னாய். அவர் வேண்டாம் என்றார். ஜனங்கள் கோபமாக இருப்பார்கள், ஒரு மாதம் போனால் தானாக ஆறிவிடும் என்றார். நீ குரலை உயர்த்தவில்லை.

“என் கையால போட்ட கலர், டாக்டர். நான் போகாம வேற யாரு போறது?”

மறுநாள் உன் ஸ்கூட்டரில் போனோம். சம்பா நடவு நேரம். வாய்க்காலில் தண்ணீர் கரை தொட ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை தண்ணீருக்கு நடுவே ஒரு ஊர் தண்ணீருக்குப் பயந்து கிடக்கிறதே என்று நீ வண்டியை ஓட்டியபடியே சொன்னது நினைவிருக்கிறது.

மல்லிகா அக்கா வீட்டு வாசலில் பத்து இருபது பேர் காத்திருந்தார்கள். கோபமாகத்தான் இருப்பார்கள் என்று நினைத்துப் போனோம். கோபம் கொஞ்சமாகத்தான் இருந்தது. கூச்சம்தான் அதிகம். நாற்காலி போட்டார்கள், உட்காரச் சொன்னார்கள். ஆனால் யாரும் குடிக்கத் தண்ணீர் கொடுக்கவில்லை. நம் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவரிடம் வாங்க என்று சொல்வதற்கு முன்பே செம்பு வந்துவிடும். அது வரவில்லை என்பதை நான் வெயில் காரணமாகத்தான் கவனித்தேன். நீ வேறு காரணமாகக் கவனித்தாய்.

மல்லிகா அக்கா நடந்ததைச் சொன்னார். ஊரின் அடிபம்பை யாரும் தொடுவதில்லை. பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊர்க் குழாய்க்கு நடக்கிறார்கள். அங்கேயும் முகம் சுளிக்கிறார்கள். வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள் அப்பா அம்மாவை ஊரைவிட்டுக் கிளம்பச் சொல்லிப் போன் போடுகிறார்கள். எல்லாவற்றையும் அவர் செய்தி வாசிப்பதைப் போலத்தான் சொல்லிக்கொண்டு வந்தார். கடைசியில் சொன்னதற்கு மட்டும் குரல் இடறியது.

“போன வாரம் என் பேத்திக்குக் காதுகுத்து. சொந்தக்காரங்க எல்லாம் வந்தாங்க. அவங்கவங்க பாட்டில்ல தண்ணி கொண்டாந்தாங்க. எலையில போட்டதை அளைஞ்சிட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க.”

பின்வரிசையில் ஒரு அம்மா முந்தானையைப் போர்த்திக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார். மார்பில் கட்டி வந்தவர் அவர்தான். ஊருக்கே கெட்ட பேரைத் தான்தான் கொண்டுவந்துவிட்டதைப் போலத் தலையைக் குனிந்திருந்தார்.

நீ மல்லிகா அக்காவைப் பார்த்து, “குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்கக்கா” என்றாய்.

அவர் தயங்கினார். பக்கத்து ஊர்த் தண்ணீர் தீர்ந்துவிட்டது, பம்புத் தண்ணீர்தான் இருக்கிறது என்றார். அதுவே போதும் என்றாய். ஒரு பெண் போய்ப் பம்பை அடிக்கும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. செம்பு வந்தது. நீ அண்ணாந்து, நடுவில் மூச்சுக்காக நிறுத்தி நிறுத்தி, முழுவதையும் குடித்தாய். பிறகு என்னிடம் இன்னொரு செம்பு வந்தது. கொஞ்சம் இரும்பு வாசனை அடித்தது, அவ்வளவுதான். நம் பக்கத்துப் பம்புத் தண்ணீர் எல்லாமே அப்படித்தான்.

அதற்குப் பிறகுதான் கேள்விகள் வந்தன. எங்கள் தண்ணீரில் நோய் இருக்கிறதா இல்லையா என்று ஒரு பெரியவர் நேராகக் கேட்டார். இல்லை என்று நீ சொல்லியிருந்தால் அவர்கள் உன்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடியிருப்பார்கள். நீ தெரியாது என்றாய். தெரிந்துகொண்டு நானே வந்து சொல்கிறேன், நல்லதாக இருந்தாலும் வருவேன், கெட்டதாக இருந்தாலும் வருவேன் என்றாய்.

பிறகு அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தைக் காட்டிப் பேசினாய். அஞ்சாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாய். மூன்று என்றார்கள். அதில் ஒரு பிள்ளை காய்ச்சலில் படுத்தால் வகுப்பில் மூன்றில் ஒரு பங்கு நோயாளி ஆகிவிடுகிறது. டவுன் பள்ளிக்கூடத்தில் பத்துப் பேர் படுத்தாலும் அந்த அளவு வராது. அதற்காக உங்கள் பள்ளிக்கூடத்தில்தான் காய்ச்சல் அதிகம் என்று எழுதி வைக்கலாமா என்று கேட்டாய். அடுத்த வாரம் மூன்று பேரும் வந்துவிட்டால் காய்ச்சலே இல்லாத பள்ளிக்கூடம் என்று மாற்றி எழுத வேண்டியிருக்கும். முந்தின வருடக் கணக்கில் இந்த ஊருக்கு ஒரு நோயாளிகூட இல்லை, அப்போது வரைபடம் போட்டிருந்தால் பால் வெள்ளையாக வந்திருக்கும் என்பதையும் சொன்னாய்.

அந்தப் பெரியவர் யோசித்துவிட்டு, “அப்ப உங்க கணக்கு தப்புங்களா?” என்றார்.

“கூட்டிக் கழிச்சதுல தப்பில்லீங்க ஐயா. இவ்வளவு சின்ன ஊருக்கு அதைத் தனியாப் போட்டதுதான் தப்பு.”

திரும்பும் வழியில் நன்னிலம் வந்து டீ குடித்தபோதுதான், சின்ன ஊர்களைச் சேர்த்துச் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும் என்றாய். நாலைந்து ஊர், தேவைப்பட்டால் எட்டு பத்து ஊர் சேர்ந்து ஒரு தொகுப்பு. ஒருவருக்கு வந்தாலும் வராவிட்டாலும் ஆடிப்போகாத அளவுக்கு ஜனம் இருக்க வேண்டும். ஒரு வருடத்தை மட்டும் பார்க்கக் கூடாது, கையில் இருக்கிற எல்லா வருடத்தையும் பார்க்க வேண்டும். படிக்கும்போது இதையெல்லாம் சூத்திரமாகப் படித்திருந்தோம். மதிப்பெண்ணும் வாங்கியிருந்தோம். அது எதற்கு என்று எனக்குப் புரிந்தது அந்த டீக்கடையில்தான்.

டாக்டருக்கு யோசனை பிடித்தது. ஆனால் அவர் சொன்ன வழி சுருக்கமானது. அந்த ஊரைப் பக்கத்து டவுனோடு சேர்த்துவிடுங்கள், சிவப்பு மறைந்துவிடும், பிரச்சினை தீர்ந்தது என்றார். நீ முடியாது என்றாய். அவர் உன்னை விட வயதிலும் பதவியிலும் பெரியவர், உன் வேலை அவர் கையில் இருந்தது.

“நமக்கு வேண்டிய பதில் வர்ற மாதிரி சேர்த்தா, அது கணக்கு இல்ல டாக்டர். வெள்ளை அடிக்கிறது. நிஜமாவே அங்க ஏதாச்சும் இருந்தா, அதையும் சேர்த்துல்ல அடிச்சு மறைச்சிருவோம்?”

அவர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, சரி, உன் இஷ்டப்படி செய் என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவர்மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு.

உன் இஷ்டம் என்ன என்பது மறுநாள் தெரிந்தது. எந்த ஊரை எதோடு சேர்ப்பது என்று கோடு போட்டு முடிக்கும்வரை நோயாளிகளின் எண்ணிக்கையை நீ பார்க்கக் கூடாது. அந்த எண்கள் இருந்த பத்தியைக் கணினியில் பூட்டி, கடவுச்சொல்லை என்னிடமே வைத்துக்கொள்ளச் சொன்னாய். கேட்டாலும் தராதே என்றாய். ஒட்டியிருக்கும் ஊர்களைத்தான் சேர்க்கலாம், ஒரே மாதிரிப் பிழைப்பு நடக்கும் ஊர்களாக இருக்க வேண்டும், எந்த ஊரும் தனியாக விடுபடக் கூடாது. இவ்வளவுதான் விதி.

அதற்காக நாம் சுற்றிய சுற்றுதான் என் வாழ்க்கையிலேயே நான் மிகவும் சந்தோஷமாக இருந்த காலம் என்று இப்போது தோன்றுகிறது. வரைபடத்தில் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு ஊர்களுக்கு நடுவே ஆறு இருந்தது. பாலம் எங்கேயோ இருந்தது. அந்த ஊர்க்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை. தூரமாகத் தெரிந்த வேறு இரண்டு ஊர்கள் ஒரே வாய்க்கால் பாசனம், ஒரே ரேஷன் கடை, ஒரே நடவுக் கூட்டம். ஒவ்வொரு ஊரிலும் நீ யாரையாவது பிடித்து, எங்கே ஆஸ்பத்திரிக்குப் போவீர்கள், எந்த ஊரோடு சம்பந்தம் வைப்பீர்கள் என்று விசாரிப்பாய். கேட்ட கேள்விக்குப் பதில் வருவதற்கு முன்பு மோர் வந்துவிடும். உன் பைக்குள் எப்போதும் வேர்க்கடலை இருக்கும். வண்டியில் என் கையில் கொட்டிவிட்டு, ஓட்டிக்கொண்டே வாயைத் திறப்பாய். நான் ஒவ்வொன்றாகப் போட வேண்டும்.

எல்லா இடத்திலும் மோர் கிடைத்தது என்று சொல்ல முடியாது. சிவப்பு ஊருக்கு அடுத்த ஊரில், நிறைய நிலம் வைத்திருந்த ஒருவர் நம்மை வாசலிலேயே நிறுத்திப் பேசினார். எங்கள் ஊரை எதற்கு அந்த ஊரோடு சேர்க்கிறீர்கள் என்றார். முதலில் நோயைச் சொன்னார். பேச்சு வளர வளர, அவர் மனதில் இருந்தது நோய் மட்டுமில்லை, அந்த ஊர் யாருடைய ஊர் என்பதும்தான் என்று தெரிந்தது. உன் முகத்தை நான் பார்த்தேன். அந்தப் பேச்சு உனக்குப் புதிதல்ல. உன் தெருவையும் அப்படிப் பிரித்துச் சொன்னவர்களுக்கு நடுவில் வளர்ந்தவள் நீ. உங்கள் வயலில் நடவு நடுவது யார் என்று கேட்டாய். அந்த ஊர் ஆட்கள்தான் என்றார். எந்த வாய்க்கால் தண்ணீர் என்று கேட்டாய். ஒரே வாய்க்கால்தான் என்றார். “அப்ப நான் புதுசா ஒண்ணும் சேர்க்கலீங்க. ஏற்கனவே சேர்ந்திருக்கிறதைத்தான் எழுதிக்கிறேன்” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாய். அன்று உனக்கு மூச்சு அதிகமாக வாங்கியது. வாய்க்கால் கரையில் வண்டியை நிறுத்தி வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். நீ அவரைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. வேர்க்கடலை தீர்ந்துபோய்விட்டதே என்றுதான் சொன்னாய்.

கோடுகள் போட்டு முடிந்தன. டாக்டரிடம் கையெழுத்து வாங்கினாய், இனிமேல் ஒரு கோட்டையும் நகர்த்தக் கூடாது என்று. பூட்டியிருந்த பத்தியைத் திறக்க வேண்டிய காலை வந்தது. நீ சாப்பிடாமல் வந்திருந்தாய். ஒருவேளை அந்தத் தொகுப்பே சிவப்பாக வந்தால் என்ன செய்வது என்று நான்தான் கேட்டேன்.

“வந்தா வந்ததுதான்டி. அப்பவும் போய்ச் சொல்லணும். ஆனா அப்ப சொல்றதுல ஒரு அர்த்தம் இருக்கும்.”

நான் கடவுச்சொல்லைத் தட்டினேன். கணக்கை ஓட விட்டோம். அந்தச் சிவப்பு ஊர் இருந்த தொகுப்பு வெளிர் மஞ்சளாக வந்தது. மாவட்டத்தின் மற்ற இடங்களைப் போலவே இருந்தது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வருடம் வருடமாகப் பிரித்துப் பார்த்தோம். அப்போதும் பெரிதாக ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. நீ நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாய். சிரிக்கிறாயா அழுகிறாயா என்று எனக்குத் தெரியவில்லை.

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே, தெற்கே, தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் கடைமடைப் பக்கத்தில் ஒரு தொகுப்பு அடர்ந்த ஆரஞ்சாக நின்றது. பழைய வரைபடத்தில் அங்கே ஒன்றும் தெரியவில்லை. ஒரு குக்கிராமம் சிவப்பு, அடுத்தது வெள்ளை, அதற்கடுத்தது மஞ்சள் என்று கலைந்து கிடந்தது. அடுத்த வருடம் பார்த்தால் சிவப்பு இடம் மாறியிருக்கும். ஒவ்வொரு ஊரும் தனித்தனியாக ஒன்றுமில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தது. சேர்த்துப் பார்த்தபோது எல்லா வருடமும் அதே ஆரஞ்சு. நோய் வகையைத் திறந்து பார்த்தோம். பாதிக்கு மேல் வாய்ப் புற்றுநோய்.

நீ எழுந்து வந்து என் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தாய். ஒரு ஊருக்குப் பேரைத் திருப்பிக் கொடுக்கப் போய், பத்து ஊர்க்காரர்கள் சத்தமில்லாமல் செத்துக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்திருக்கிறோம் என்று மெதுவாகச் சொன்னாய்.

டாக்டர் உடனே வரைபடத்தை வெளியிட வேண்டும் என்றார். நீ மறுபடியும் குறுக்கே நின்றாய். இந்த முறை அவரும் சட்டென்று புரிந்துகொண்டார்.

“மொதல்ல அங்க டார்ச் லைட் போகட்டும் டாக்டர். மேப் அப்புறம் போகலாம்.”

அப்படித்தான் நடந்தது. அந்தப் பக்கத்துச் செவிலியர்களைக் கூட்டிப் பேசி, வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்க்கும் முகாம்கள் போட்டோம். நடவு முடித்துக் காலில் சேறோடு பெண்கள் வந்தார்கள். பலர் மடியில் வெற்றிலைப் பொட்டலம், அதற்குள் புகையிலை. குனிந்தே நிற்கும் வேலைக்கு அது இல்லாமல் முடியாது என்றார்கள். நீ யாரையும் திட்டவில்லை. என் அம்மாவும் அப்படித்தான் என்றாய். கன்னத்தின் உள்பக்கம் வெள்ளைத் திட்டு இருந்தவர்களைத் தஞ்சாவூருக்கு அனுப்பினோம். சிலருக்கு முற்றியிருந்தது. ஆனால் அதிகம் பேருக்கு ஆரம்பம்தான். சின்ன அறுவையோடு முடிந்தது. பாக்கியம் என்ற அம்மா குணமாகி வந்து, புகையிலைக்குப் பதிலாக நீ சொன்னபடி பொட்டுக்கடலையை மென்று மென்று உடம்பு பெருத்துவிட்டது என்று உன்னிடம் சண்டைக்கு வந்தார். இன்னும் இருக்கிறார். இன்னும் பெருத்துத்தான் இருக்கிறார்.

சொன்னபடி சிவப்பு ஊருக்கும் திரும்பிப் போனாய். இந்த முறை நாம் உட்காரும் முன்பே செம்பு வந்தது. புது வரைபடத்தைத் தரையில் விரித்து, பக்கத்து ஊர்கள் எல்லாம் சேர்ந்து ஒரே நிறத்தில் இருப்பதைக் காட்டினாய். முந்தானையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மாவைப் பக்கத்தில் அழைத்து உட்கார வைத்துக்கொண்டாய். மல்லிகா அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “எங்களுக்குச் சொல்லிட்டீங்க, சரி. எங்க சொந்தக்காரங்களுக்கு யாரு சொல்றது?” என்றார். நியாயமான கேள்வி. அடுத்து எப்போது விசேஷம் என்று கேட்டாய். தை மாதம் ஒரு கல்யாணம் இருந்தது. உன் அப்பா அம்மாவையும் அழைத்துக்கொண்டு அதற்குப் போனாய். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, கை கழுவும் இடத்தில் நின்று வந்தவர்களிடமெல்லாம் பேசினாய். ஒரே நாளில் எல்லாம் மாறிவிடவில்லை. அந்தக் கல்யாணத்திலும் இரண்டு மூன்று பாட்டில்கள் கண்ணில் பட்டன. அடுத்து வந்த விசேஷத்தில் ஒன்றும் இல்லை என்று மல்லிகா அக்கா போன் செய்து சொன்னார். அன்று நீ அலுவலகம் முழுவதற்கும் பால்கோவா வாங்கினாய்.

அதன் பிறகு நமக்கு நல்ல வருடங்கள்தான் கிடைத்தன. எனக்குக் கல்யாணம் ஆயிற்று. நீ வேண்டாம் என்று இருந்துவிட்டாய். என் மகளுக்கு நீதான் எண் கற்றுக்கொடுத்தாய். வால்வு இதற்கு மேல் தாங்காது என்று ஆனபோது தஞ்சாவூரில் இதய டாக்டர் நம் இருவரையும் உட்கார வைத்து, அறுவை செய்தால் நூற்றுக்கு இத்தனை பேர் நன்றாக இருக்கிறார்கள் என்று சொல்ல ஆரம்பித்தார். நீ சிரித்துக்கொண்டே இடைமறித்தாய்.

“நான் ஒரே ஒரு ஆள் இருக்கிற ஊரு டாக்டர். எனக்குப் போய் சதவீதம் சொல்றீங்களே. ஆபரேஷன் என்னைக்குன்னு மட்டும் சொல்லுங்க.”

வெளியே வந்து, வாசலில் நின்ற வேப்பமரத்தடியில் நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். அன்றைக்குத்தான் நீ பயந்து நான் பார்த்தேன். அறுவை நன்றாகவே முடிந்தது. படிக்கட்டில் நிற்காமல் ஏறினாய். உரக்கடைக்காரர், அம்மா இப்போதெல்லாம் விலை கேட்பதே இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். மூன்று நான்கு வருடம் அப்படி ஓடிற்று. பிறகு ஒரு ஐப்பசியில், அடைமழைக்கு நடுவே, காய்ச்சல் வந்து ஒரு வாரத்தில் போய்விட்டாய்.

செய்தி கேட்டு அந்தச் சிவப்பு ஊரிலிருந்து ஒரு லோடு வண்டி நிறைய ஆட்கள் வந்தார்கள். மழையில் நனைந்தபடி வந்தார்கள். அந்த மார்புக் கட்டி அம்மாவும் வந்திருந்தார், நன்றாக இருந்தார். உன் அம்மாவால் எழுந்திருக்க முடியவில்லை. துக்கத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் அன்று முழுக்கத் தண்ணீர் மொண்டு கொடுத்தது மல்லிகா அக்காதான்.

நீ இல்லாமல் அந்தப் பங்கீடு குலைந்துபோயிற்று. சரிபார்ப்பது எனக்குத் தெரியும். பேசுவது தெரியாது. வெகுநாள் நான் வெளியே போகாமலே சமாளித்தேன். சென்ற மாதம் தள்ளிப்போட முடியவில்லை. முத்துப்பேட்டை போகும் வழியில் ஒரு தொகுப்பில் மார்பகப் புற்றுநோய் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தது. ஆறேழு ஊர்கள். நம் பழக்கப்படி, எல்லோருக்கும் தெரிவதற்கு முன்னால் அங்கே போய்ச் சொல்ல வேண்டும். கூட வரவேண்டிய அலுவலகப் பெண்ணுக்கு உடம்பு சரியில்லை. நான் மட்டும் பேருந்தில் போனேன்.

ரேஷன் கடைக்கு முன்னால் பெண்களும் ஆண்களும் கூடியிருந்தார்கள். வழியெல்லாம் நீ எப்படிப் பேசுவாய் என்று யோசித்து, உன்னுடைய பள்ளிக்கூடக் கதையைத் தயார் செய்து வைத்திருந்தேன். ஆரம்பித்தேன். வரவில்லை. பாதியில் நின்றுபோயிற்று. உனக்கு வரும் அந்தச் சிரிப்பும் எனக்கு வரவில்லை. ஜனங்கள் பொறுமையாகத்தான் இருந்தார்கள். ஒரு நடுவயதுக்காரர், கதையெல்லாம் வேண்டாங்க, எங்கள் ஊர் எப்படி இருக்கிறது, அதை மட்டும் சொல்லுங்கள் என்றார்.

நான் அவரைப் பார்த்து, என் குரலில், எனக்குத் தெரிந்த விதத்தில் சொன்னேன்.

“உங்க ஊரை மட்டும் தனியாச் சொன்னா அது நிஜமா இருக்காதுங்க. பக்கத்து ஊரையும் சேர்த்துச் சொல்றேன். மார்புல கட்டி வர்றது கொஞ்சம் கூடுதலா இருக்கு. ஏன்னு எனக்குத் தெரியாது. ஆனா சீக்கிரம் பார்த்தா சரி பண்ணிரலாம். அதுக்கு இங்க முகாம் போடுறோம்.”

அவ்வளவுதான் பேச்சு. முன்னால் நின்ற ஒரு பெண், எப்போது வரவேண்டும், காசு ஆகுமா என்று கேட்டாள். ஆகாது என்றேன். பக்கத்து ஊரில் கட்டிக் கொடுத்திருக்கும் தன் அக்காவையும் அழைத்து வரலாமா என்று கேட்டாள். அவளுக்குப் பின்னால் இன்னும் சிலர் நெருங்கி வந்தார்கள். வெயில் சாயும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார்கள், நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

நான் உன்னைப் போலப் பேசவில்லை. உன்னைப் போலப் பேச எனக்கு ஒருநாளும் வராது. ஆனால் இந்த முறை முகாமுக்கு வந்தவர்களில் பாதிப்பேர் பக்கத்து ஊர்க்காரர்கள்.